கட்டில் திரும்பாத வாசல்

எங்கள் தெருமுனையில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. முட்டி தேய்ந்த பிறகு எனக்கு வேலை இல்லை. ஆனால் கண் சும்மா இருக்குமா? காலையில் காபியைக் குடித்துவிட்டு அங்கே போய், மணல் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். "ஏலே, செங்கலை நனைக்காம வைக்காத", "கலவையில தண்ணி கூடிப்போச்சு" என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் என்ன, சொல்வது என் சந்தோஷம்.

போன வாரம் அங்கே வேலை பார்க்கும் செல்வி என்னைக் கூப்பிட்டாள். "அத்தே, இந்த வீடு முடிஞ்சா எப்படி இருக்கும்னு பாருங்க." இன்ஜினியர் தம்பியின் போனில் காட்டினார்கள். சும்மா சொல்லக் கூடாது, மாயம்தான். அஸ்திவாரமே முடியவில்லை, போனுக்குள் வீடு முழுசாக நிற்கிறது. கதவு தானாகத் திறக்கிறது. நாம் நடக்கிறது போல உள்ளே போகிறது. சமையல் மேடையில் ஒரு தட்டு ஆப்பிள்கூட வைத்திருக்கிறார்கள்.

நான் கேட்டேன்: "தம்பி, இதுக்குள்ள ஒரு கட்டிலத் தூக்கிட்டுப் போக முடியுமா? ஆளு படுத்த வாக்குல?"

"ஆளோட எதுக்குப் பாட்டி கட்டிலத் தூக்கணும்?" என்று அவர் சிரித்தார். செல்வியும் சிரித்தாள். அப்புறம் அவளே, "என்ன அத்தே, இதுல ஏதோ கதை இருக்கும்போல" என்றாள்.

இருக்கிறது. டீ வருவதற்குள் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். டீ வந்து ஆறிப்போனது. அதைத்தான் இங்கே மறுபடி சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. எழுதுவது பக்கத்து வீட்டு மருமகள். நான் பேசுகிறபடியே எழுதினால் படிக்க முடியாது என்று என் பேச்சுக்கு இஸ்திரி போட்டுக் கொடுக்கிறாள்.

என் பேர் பேச்சியம்மா. ரெட்டியார்சத்திரம் பக்கம். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபோது கைக்குழந்தையோடு நின்றேன். மறுமாசமே சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினேன். அன்றிலிருந்து சித்தாள் வேலை. கொத்தனாருக்குக் கல்லும் கலவையும் எடுத்துக் கொடுப்பது, மணல் சலிப்பது, கட்டிய சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவது. முதல் வருஷம் கழுத்து வலி, இரண்டாம் வருஷம் வாய் வலி. பேச ஆள் கிடைத்துவிட்டதே! அவ்வளவுதான் என் படிப்பு.

வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி கருப்பையா மேஸ்திரியிடம்தான். அவரைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஒரு உதறு உதறுவார். அழகாக மடித்து மறுபடி அதே தோளில் போடுவார். அந்தச் சத்தம் கேட்டால் மொட்டை மாடியில் இருக்கிறவன்கூட பீடியை அணைத்துவிடுவான்.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. வேலை நடக்கும் இடத்தில் அபசகுனமான பேச்சு வரக்கூடாது. கெட்ட வார்த்தை பேசினால்கூட விட்டுவிடுவார். ஆனால் சாவு, எழவு, பாடை என்று ஒரு சொல் விழக்கூடாது. எங்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் என்பதைச் செத்த நேரம் என்போம். அதையே விடமாட்டார். ஒரு நாள் வாய் தவறி, "அண்ணே, செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன்" என்றேன். துண்டை உதறினார்.

"அடுத்தவங்க குடியிருக்கப் போற வீடு பேச்சி. நம்ம பேசுறது அம்புட்டும் சுவத்துக்குள்ள போகுது. பூசிட்டா அப்புறம் எடுக்க முடியாது."

சிரிக்காதீர்கள். அவர் மட்டும் அப்படி இல்லை. எங்கள் ஊரில் வீடு கட்டுகிற எல்லோருமே அப்படித்தான். இந்தச் சாமி கும்பிடுகிறவர், அந்தச் சாமி கும்பிடுகிறவர் என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது. பால் காய்ச்சும் வரைக்கும் அந்த வீட்டில் யாரும் சாகப் போவதில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சட்டம்தான் லூர்துசாமி சார் வீட்டில் எங்கள் எல்லோர் கழுத்தையும் பிடித்தது.

லூர்துசாமி சார் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி செலின் டீச்சர். திண்டுக்கல்லில் மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் அவர்கள் வீடு. பழைய காரை வீடு. தெருவாசலில் நின்று பார்த்தால் கொல்லைக் கிணறு வரைக்கும் கண் தடையில்லாமல் ஓடும். மூன்று நிலைக்கதவும் ஒரே நேர். சாருடைய அம்மாவை நாங்கள் பெரியம்மா என்போம். அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து போனதிலிருந்து முன் ஹாலில் கட்டிலோடு கிடந்தார். அவருக்காகத்தான் வீட்டை மாற்றிக் கட்டினார்கள். பக்கத்திலேயே பாத்ரூம், ஒழுகாத கூரை, நல்ல வெளிச்சம்.

அதற்கு ஆர்க்கிடெக்ட் வைத்தார்கள். நிவேதா மேடம். சென்னையில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த பிள்ளை, மதுரையில் ஆபீஸ் வைத்திருந்தார். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவே மாட்டேன். முதல் நாள் வந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெரியம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. "பாட்டி, கை எது வரைக்கும் எட்டுது? வெளிச்சம் கண்ணுல அடிக்குதா? ராத்திரி எழுந்தா எதைப் பிடிச்சுக்குவீங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. பாத்ரூமுக்குப் படியே வைக்கவில்லை. சுவரில் பிடிக்கக் கம்பி. சக்கர நாற்காலி எங்கெங்கே திரும்பும் என்று ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து தானே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தது. நான்தான் பின்னாலிருந்து தள்ளினேன். இரண்டு பேரும் போய்க் கதவில் மோதினோம், பெரியம்மா கட்டிலில் கிடந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

சரி, சுவருக்கு வருகிறேன்.

பெரியம்மா ஹாலில் கிடந்தார் அல்லவா? வாசல் திறந்திருந்தால் தெருவில் போகிற ஆளெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டே போவார்கள். உடம்பு துடைத்துவிடும்போது டீச்சர் ஒரு சேலையை விரித்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அதனால் மேடம் தலைவாசலுக்கு உள்ளே குறுக்காக ஒரு சுவர் வைத்தது. நுழைந்ததும் இடது பக்கம் திரும்பி, மறுபடி வலது பக்கம் திரும்பினால்தான் ஹால். சுவரில் ஒரு மாடம், மாடத்தில் மாதா சொரூபம். தெருவிலிருந்து பார்த்தால் மாதா மட்டும் தெரிவார், பெரியம்மா தெரிய மாட்டார். பேப்பரில் பார்த்தபோது சாருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "வர்றவங்களுக்கு மாதா முகத்துலதான் முழிப்பு" என்று எல்லோரிடமும் காட்டினாராம்.

ஆள் இருக்கும் வீட்டில் இடித்துக் கட்டுவது தனி வேலை. தளத்துக்கு முதலில் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு கல்லை எடுத்தால் மேலே என்ன நடக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த கல். தூசிதான் பெரிய எதிரி. பெரியம்மா கட்டிலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அவை காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பது என் வேலை. தூசி ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், உள்ளே போகாது. ஆத்தூர் அணைத் தண்ணீர் குழாயில் வராத நாளில் லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்திருப்பேன். சேலைக்கு வெளியே நான், உள்ளே பெரியம்மா. நாள் முழுக்கப் பேச்சுத்தான். அவர் கல்யாணக் கதை, அவர் மாமியார் கதை எல்லாம் எனக்கு அத்துப்படி.

மாதா சுவர் இடுப்பளவு வந்தபோது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நெஞ்சளவு வந்தபோது மேஸ்திரி கையில் எடுத்த செங்கலை வைக்காமல் அப்படியே நின்றார். தலைவாசலைப் பார்த்தார். இடது பக்க இடைவெளியைப் பார்த்தார். அப்புறம் சேலைத் தடுப்பைப் பார்த்தார். நானும் அவர் கண் போன வழியெல்லாம் போய் வந்தேன்.

சக்கர நாற்காலி அதில் ஜோராகத் திரும்பும். உட்கார்ந்து போகிறவருக்கு வழி இருந்தது. படுத்துப் போகிறவருக்கு இல்லை.

மாதா கோயில்காரர்கள் வீட்டில் சவப்பெட்டியை ஹாலில் வைத்து ஜெபம் சொல்லி, முன்வாசல் வழியாகத்தான் கோயிலுக்கு எடுத்துப் போவார்கள். பெரியவர், அதாவது சாருடைய அப்பா, அப்படித்தான் போனாராம். மூன்று கதவையும் திறந்து வைத்து, நேராக. பெரியம்மாவே எனக்குச் சொல்லியிருக்கிறார். பின்பக்கமாகத் தூக்கிப் போகலாம் என்றால் ஒரு சந்துதான் இருந்தது. கக்கூஸ் தொட்டி சுத்தம் பண்ண வருகிறவர்கள் புழங்கும் சந்து. ஒரு ஆள் போனால் எதிரே நாய்கூட வர முடியாது.

"அண்ணே..." என்றேன்.

துண்டை உதறினார். "வாயைத் தைச்சுக்க பேச்சி. அந்தம்மா உள்ள மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு." செங்கலை வைத்தார். ஆனால் அதற்கு மேல் அந்தச் சுவரில் அவர் கை வேகமாக ஓடவில்லை.

சுவர் முழு உயரத்துக்கு வந்த அன்று சாயங்காலம் சார் வந்தார். வாசலில் நின்றார். இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார். மறுபடி வெளியே போனார், மறுபடி உள்ளே வந்தார். முகம் சாம்பல் பூத்துப் போனது. எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்கும் தெரிந்துவிட்டது. எங்களுக்குத் தெரியும் என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் யார் வாயைத் திறப்பது? சேலைக்கு அந்தப் பக்கம் அவரைப் பெற்றவர் கிடக்கிறார், பாம்புக் காது. வெளியே கூட்டிப்போய்ச் சொல்லலாமே என்பீர்கள். எங்கே சொன்னாலும் ஒரு மகன் தன் வாயால், "எங்க அம்மா போகும்போது" என்றுதானே ஆரம்பிக்க வேண்டும்? ஆரம்பித்தால் அவரே அனுப்பி வைக்கிற மாதிரி ஆகிவிடாதா?

அன்றிலிருந்து சாருக்கு அந்த வீட்டில் எதுவுமே பிடிக்கவில்லை.

"இந்த டைல்ஸ் என்ன கலர்? ஆஸ்பத்திரி மாதிரி."

மேடம் கலர் மாற்றியது.

"ஜன்னல் இம்புட்டுத் தாழ்வா இருந்தா எப்படிம்மா?"

பதித்த ஜன்னலை எடுத்து ஏற்றி வைத்தோம். சுவிட்சு போர்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றினோம். வாசல் படியை இரண்டு தரம் இடித்தோம். இன்றைக்கு வைத்ததை நாளைக்கு எடுக்கிறோம் என்றால் வேலைக்காரனுக்கு மனசு செத்து... பார்த்தீர்களா, மேஸ்திரி இருந்தால் உதறியிருப்பார். மனசு விட்டுப்போகும். யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாத வேலையாகிவிட்டது. எனக்கே பேச்சு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடம் முதலில் சிரித்துக்கொண்டே செய்தது. அப்புறம் சிரிக்காமல் செய்தது. அப்புறம் ஒரு நாள் காருக்குள் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கியதை நான் பார்த்தேன்.

ஒரு தரம் சார் சுவருக்குக் கிட்டே வந்தார். "இந்தச் சுவர் இருக்கத்தான் வேணுமா?"

"சார், பாட்டிக்கு மறைவு வேணும்னுதானே வச்சோம். மாதா மாடம் நல்லாருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப என்ன இடைஞ்சல்?"

சார் வாயைத் திறந்தார். சேலைக்குப் பின்னாலிருந்து பெரியம்மா இருமினார். சார் வாயை மூடிக்கொண்டு, "ஃபேன் கொக்கி கோணலா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். நல்ல மூளை. மேடம் வந்தபோது ஒன்றும் தெரியாதவர் மாதிரி, "ஏம்மா, பெரிய பீரோ ஒண்ணு வாங்கினோம்னு வச்சுக்கங்க. இந்த வழியா எப்படி வரும்?" என்று கேட்டார்.

நாங்கள் எல்லோரும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டோம். மேஸ்திரி கரண்டியைக் கலவைக்குள்ளேயே விட்டுவிட்டு நின்றார்.

மேடம் அளவெல்லாம் பார்க்கவில்லை. கையாலேயே காட்டியது. "அது ஒண்ணும் பிரச்சினை இல்ல டீச்சர். இங்க வந்ததும் நிமித்தி நிக்க வச்சு, அப்படியே திருப்பினா ஈஸியா போயிடும்."

நிமிர்த்தி நிற்க வைத்து. டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. மேடம் எங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?" மேஸ்திரி கரண்டியைத் தேடி எடுத்து, பூசிய இடத்திலேயே மறுபடி பூசினார்.

இதற்கிடையில் பெரியம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. கஞ்சி இறங்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு சாரை வாசலுக்குக் கூட்டிப்போய் மெதுவாகப் பேசினார். மறுநாள் மாதா கோயில் சாமியார் வந்து நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி ஜெபம் சொன்னார். நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு ஓரமாக நின்றோம். சாமியார் போனதும் சார் மாதா சுவருக்கு முன்னால் போய் நின்றார். கும்பிடுகிறாரா, சண்டை போடுகிறாரா என்று தெரியவில்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். சும்மா, மெதுவாக. கருப்பையா மேஸ்திரி கட்டிய சுவர், எங்கே போகும்?

பெரியம்மா மீண்டு வந்தார். ஆனால் குரல் மெலிந்துவிட்டது. அன்றைக்கு நான் சேலைக்குத் தண்ணீர் தெளிக்கும்போது உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"ஏத்தா பேச்சி."

"சொல்லுங்க பெரியம்மா."

"எம் மகன் எதுக்கு அந்தப் புள்ளைய இப்படிப் போட்டு வறுக்கிறான்? நல்ல புள்ளையால்ல இருக்கு."

"எனக்கென்ன தெரியும் பெரியம்மா. டைல்ஸு புடிக்கலையாம்."

"அவன் பொறந்ததுல இருந்து தரையப் பாத்து நடந்தவன் இல்ல. எம் முகத்தப் பாத்துச் சொல்லு."

சேலையை விலக்கிப் பார்த்தேன். என் வாய்க்குப் பூட்டு உண்டு, திண்டுக்கல் பூட்டு. கண்ணுக்கு யார் பூட்டுப் போடுவது? அது பாட்டுக்குச் சுவர்ப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தது. பெரியம்மா தலையைத் திருப்பி, என் கண் போன சுவரைப் பார்த்தார். நான் தண்ணீர்ச் செம்போடு நிற்கிறேன். கடைசியில், "அடப் பாவிகளா" என்றார். சிரிக்கிறார்! தோள் குலுங்கச் சிரிக்கிறார். "இதுக்கா இம்புட்டு?"

"பெரியம்மா, நான் ஒண்ணும் சொல்லல."

"நீ ஒண்ணும் சொல்லலடி. இதுவரைக்கும் நீ சொல்லாம இருந்ததே இது ஒண்ணுதான்."

அதற்கடுத்த சனிக்கிழமை வெடித்துவிட்டது. சார் மேடத்தை வரச் சொல்லியிருந்தார். ஹாலில் நின்றபடி, "இதோட நிறுத்திக்கலாம்மா. நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்றார்.

மேடம் கையிலிருந்த பிளானைச் சுருட்டியது. "போறேன் சார். ஆனா எது பிடிக்கலைன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. நீங்க சொன்ன எல்லாத்தையும் மாத்திட்டேன். ஒவ்வொண்ணும் மாத்தினதுக்கு அப்புறம் உங்க முகம் இன்னும் மோசமா போகுது. என்னதான் சார் வேணும் உங்களுக்கு?"

"பிடிக்கல. அம்புட்டுத்தான்."

"அது பதில் இல்ல சார்."

சாருக்கு முகம் சிவந்தது. "எங்கிட்ட பதில் கேக்காதம்மா! கேக்காத!" அப்படிக் கத்துகிற மனுஷரே இல்லை அவர். மேஸ்திரியின் கை தோள் துண்டில் போய் நின்றது. யார் மேல் உதறுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"லூர்து!" என்று சேலைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. மெலிந்த குரல்தான், ஆனால் ஹெட்மாஸ்டர் பள்ளிப் பையன் மாதிரி விறைத்து நின்றார். "எனக்குப் புழுக்கமா இருக்கு. தெருவுல வேப்பமரத்தடிக்குக் கொண்டு போங்க."

"நாற்காலி கொண்டு வரேன் பாட்டி" என்று மேடம் ஓடியது.

"நாற்காலி வேணாம் தாயி. இடுப்பு வலிக்கு. கட்டிலோட தூக்கச் சொல்லு. ஏ கருப்பையா, ஆளுகளக் கூப்புடு."

யாரும் அசையவில்லை. சார், "அம்மா, வேணாம்மா" என்றார்.

"தூக்குங்கடா."

நாலு பேர் நாலு காலைப் பிடித்தார்கள். மேஸ்திரி தலைமாட்டில் பிடித்தார். நான் சேலைகளை அவிழ்த்து வழிவிட்டேன். கட்டில் எழும்பியது, ஹாலைத் தாண்டியது, சுவருக்கு வந்தது, முதல் திருப்பத்திலேயே நின்றுவிட்டது. தலைமாடு மாதா சுவரில் இடித்தது, கால்மாடு நிலையில் இடித்தது. கொஞ்சம் பின்னால் எடுத்து மறுபடி முயன்றார்கள். மறுபடி இடித்தது. மாடத்திலிருந்து மாதா பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் ஓடி வந்தது. அதற்கு எதையும் சரிப்படுத்தியாக வேண்டும், அப்படி ஒரு பிள்ளை. "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க. தலைப்பக்கம் மேல தூக்குங்க. பாட்டி, கட்டில் சட்டத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க!"

"சாய்ங்கப்பா, சாய்ங்க" என்றார் பெரியம்மா. எலும்புக் கையால் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கட்டில் சாய்ந்தது, தலையணை நழுவிக் கீழே விழுந்தது. அந்தச் சாய்விலேயே மேடத்தின் முகத்தைப் பார்த்து, சாதாரணமாக, குழம்புக்கு உப்பு கேட்கிற மாதிரி கேட்டார்:

"இன்னிக்கு நான் புடிச்சுக்கிட்டேன் தாயி. அன்னிக்கு நான் எப்படிப் புடிப்பேன்?"

கட்டில் அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. மேடம் சுவரைப் பார்த்தது, தலைவாசலைப் பார்த்தது, கட்டிலை நீளவாக்கில் ஒரு தரம் பார்த்தது. அப்புறம் சாரைத் திரும்பிப் பார்த்தது. சார் நிலையில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"சார்..." என்றது மேடம். "இதுதானா சார்? நான் வளர்ந்தது ஃப்ளாட்டுல சார். எங்க தாத்தா ஆஸ்பத்திரியில இருந்து நேரா... எனக்கு இது தோணவே இல்ல சார்."

"என்னால சொல்ல முடியலம்மா" என்றார் சார். "ஒரு தடவைகூட முடியல."

"கீழ வைங்கலே மொதல்ல, ரெண்டு பேரும் அப்புறம் அழுகட்டும்" என்றார் பெரியம்மா. "கருப்பையா, ஒனக்குமா வாய் இல்ல? ஊர்ல அம்புட்டு வீடும் கட்டுன."

மேஸ்திரி கட்டிலை இறக்கிவிட்டுத் துண்டை எடுத்தார். எல்லோரும் உதறப் போகிறார் என்று நினைத்தோம். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேடம் போகவில்லை. அன்றைக்கே அந்தச் சுவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டது, முதல் நாள் மாதிரியே. சுவரை எடுத்தாகவேண்டும், ஆனால் மறைவும் வேண்டுமே. பெரியம்மாவிடமே கேட்டது. பழைய வீட்டில் கழற்றிப்போட்ட தேக்குக் கதவுப் பலகைகள் கொல்லையில் கிடந்தன. அவற்றைக் கீல் வைத்து இணைத்து மடக்குக் கதவாக நிறுத்தலாம், துடைத்துவிடும்போது விரித்துக்கொள்ளலாம், வேண்டும்போது மடக்கி ஓரத்தில் ஒதுக்கிவிடலாம் என்று சொன்னது அந்தப் பிள்ளைதான். மேஸ்திரிக்கு அது பிடித்துப்போய், "நல்ல யோசனை மேடம்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு முன் எந்த ஆர்க்கிடெக்ட்டுக்கும் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

மாதாவைப் பக்கத்துச் சுவருக்கு, பெரியம்மா படுத்தபடியே பார்க்கிற இடத்துக்கு மாற்றினோம். சுவரை மேஸ்திரியே இடித்தார், ஒவ்வொரு கல்லாக. நான் கல் எடுத்துக் கொடுக்கவில்லை, வாங்கி அடுக்கினேன். என் வேலைக்காலத்தில் இடித்ததைச் சந்தோஷமாகச் சுமந்தது அந்த ஒரு சுவர்தான்.

பெரியம்மா லேசில் போனாரா? அதுதான் இல்லை. வழி சரியாகிவிட்டது என்றதும் ஆள் தெளிந்துவிட்டார். பால் காய்ச்சினோம், கிறிஸ்துமஸ் வந்தது, மறு கிறிஸ்துமஸும் வந்தது. சாயங்காலமானால் மடக்குக் கதவை ஒதுக்கச் சொல்லி, தெருவில் போகிறவர்களைக் கட்டிலில் இருந்தபடியே வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பக்கம் வேலை இருந்தால் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். "கீல் கீச்சுங்குதுடி, ஒங்க மேஸ்திரிய எண்ணெய் போடச் சொல்லு" என்பார்.

ஒரு நாள் செலின் டீச்சர் போன் பண்ணினார். நிலக்கோட்டை மல்லிகையில் ஒரு மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மேடம் மதுரையிலிருந்து வந்து, தெருவில் வேப்பமரத்தடியில் கூட்டத்தோடு நின்றிருந்தது. ஜெபம் முடிந்தது. கருப்பையா மேஸ்திரி முன்னால் போய் மடக்குக் கதவை ஒவ்வொரு பலகையாக மடித்து ஒதுக்கினார். கீச்சுச் சத்தம் வரவில்லை. எண்ணெய் போட்டிருந்தார்.

பெட்டி எழும்பியது. மூடி போடவில்லை, கோயில் வரைக்கும் முகம் தெரியட்டும் என்றார்கள். ஹாலைத் தாண்டி, மாதாவைத் தாண்டி, தலைவாசலைத் தாண்டி, எங்கேயும் நிற்காமல் நேராகத் தெருவுக்கு வந்தது. கோயில் மணி அடித்தது. மரத்தடியில் நின்ற மேடத்தைக் கடக்கும்போது சார் தோளில் பெட்டியோடு ஒரு நொடி நின்றார். "நேரா வந்துருச்சும்மா" என்றார்.

நான் எக்கிப் பார்த்தேன். என் மல்லிகை மாலைக்குக் கீழே பெரியம்மாவின் இரண்டு கைகளும் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டு நெஞ்சின்மேல் அமைதியாகக் கிடந்தன. அவர் எதையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.